வாசலில் போர்டு வேண்டாம் என்றாய்

முரளி, நீ நலமாக இருக்கிறாய் என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. அப்பாவின் முழங்காலையும் என் கண்ணையும் தவிர்த்து நாங்களும் நலம்தான். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு உன் கல்யாணத்துக்காக நான் வாசித்த லிஸ்டில் எல்லாவற்றுக்கும் சரி சொன்னாய். பெண் வீட்டாரின் வேண்டுதலுக்காக ஸ்ரீரங்கத்தில் கல்யாணம், சரி. அம்மா மண்டபம் போகிற ரோட்டில் நமக்குத் தெரிந்த அந்த மண்டபம், சரி. மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரம், பந்தியில் முருங்கைக்காய் இல்லாத சாம்பார், எல்லாம் சரி. போனை வைக்கப் போகும்போது மட்டும், ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்தது போல ஒன்று சொன்னாய். "வாசல்ல எல்இடி போர்டு மட்டும் வேண்டாங்கம்மா." நானும் சரி என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து மூட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு வாசலில் பெயரை ஓடவிட்டவள் நான். தென்னூரில் நம் கடையைத் தாண்டிப் போகாமல் இந்தப் பக்கம் யாருக்கும் தாலி ஏறியதில்லை என்று உன் அப்பா கஸ்டமர்களிடம் பீற்றிக்கொள்வார். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் தன் கல்யாணத்துக்குப் போர்டு வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஏழு வருஷமாக இரண்டு பேரும் தெரியாதது போல இருக்கிறோம். போனில் இதைப் பேச முடியாது. போனில் நீ நாலு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை, எது சொன்னாலும் "சரிங்கம்மா" என்பாய். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஷட்டரை அரையாக இறக்கிவிட்டு, பழைய டெலிவரி சலான் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ இந்தக் கடை வொர்க்பெஞ்சுக்குக் கீழேதான் வளர்ந்தாய். என் கல்யாணத்துக்கு முன்னால் டிவி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் லைனில் உட்கார்ந்து சால்டரிங் செய்தவள் நான். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. அப்பா ஏணியும் டிரில்லிங் மெஷினும் வைத்திருந்தார். நான் பெஞ்சில் செய்வேன், அவர் சுவரில் மாட்டுவார், அவ்வளவுதான் நம் கம்பெனி. சால்டரிங் புகை உனக்கு ஆகாது என்று உன்னை விரட்டிக்கொண்டே இருப்பேன். நீ பென்சிலைச் சால்டரிங் அயர்ன் போலப் பிடித்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்திருப்பாய். ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் ஸ்கூல் பையைக் கூடக் கழற்றாமல் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நகரும்மா" என்றாய். மருங்காபுரியில் ஒரு விதைக் கடைக்குச் செய்துகொண்டிருந்த போர்டு அது. நான் இரண்டு நாளாக ஒரு வரி மட்டும் எரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். "நீ போய் ஹோம்வொர்க் பண்ணு, பெரிய மனுஷன்" என்றேன், நகரவில்லை. நீ என் கைக்குக் கீழே உன் கையை விட்டு ரிப்பன் கேபிளைக் கழற்றித் திருப்பி மாட்டினாய். வரி எரிந்தது. அப்போதும் நகராமல் உட்கார்ந்தே இருந்தேன். நான் நகர்ந்ததே இல்லை, யோசித்துப் பார்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்த "நகரும்மா". டாக்டர் கிளினிக் ஒன்றுக்கு டோக்கன் நம்பர் போர்டு செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது என்ஜினீயரிங் இரண்டாவது வருஷம். நீ வாங்கிவைத்திருந்த புது ரக சர்க்யூட் கார்டைப் போட்டு, டோக்கன் பட்டனிலிருந்து வரும் ஒயரை நானே அதில் சால்டர் செய்தேன். பட்டனில் ஐந்து வோல்ட். உன் கார்டு மூன்று புள்ளி மூன்று வோல்ட்டில் வாழ்கிற பிறவி. சுவிட்சைப் போட்டேன், இரண்டு நிமிஷம் நம்பர் ஓடியது, அப்புறம் கார்டு தொட முடியாமல் சுட்டது, செத்துப்போனது. நீ வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாய். "உனக்கு எல்லாமே அஞ்சு வோல்ட்தாம்மா. சின்னதுக்குப் பெருசு தாங்காது. ரெண்டு ரெசிஸ்டர் போட்டு கொறைச்சுக் குடுக்கணும்." உன் பாக்கெட் மணியில் வாங்கிய கார்டு அது. அதற்காகக் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை நீ. பட்டனுக்கும் கார்டுக்கும் நடுவில் இரண்டு ரெசிஸ்டர் வைத்து ஐந்தை மூன்று சொச்சமாக இறக்கிக் காட்டினாய், நான் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் நீயும் நானும் ஒரே டிபன் பாக்ஸில் தயிர் சாதம் சாப்பிட்டோம். இதெல்லாம் இப்போது எதற்கு என்று நினைப்பாய். எனக்கு அந்த மத்தியானம் வேண்டும், அதற்குத்தான்.

அந்தக் கதையின் மறுபக்கம்தான் என் தப்பு. சின்னதுக்குப் பெரியது தாங்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெரியதுக்குச் சின்னது சொல்வது கேட்காது என்று நீ சொன்னபோதுதான் நான் காதில் வாங்கவில்லை. கடைசி வருஷம் நீ தீப்பெட்டி அளவுக்கு ஒரு கன்ட்ரோலர் செய்தாய். போனிலேயே பெயரை மாற்றலாம், ஏணி போட்டு ஏற வேண்டாம், அப்பாவின் முழங்காலுக்கு நல்லது என்று அதற்காகவே செய்தாய். எல்லாக் கல்யாண மண்டபத்துக்கும் இதைச் செய்து கொடுக்கலாம், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன், வேலை கொடுத்திருந்த ஹைதராபாத் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிடுகிறேன் என்றாய். அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? எனக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. வெளியே, "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம்தான் உப்பிலியபுரத்திலிருந்து என் தம்பி, உன் மாமா, தன் பெண் வனிதாவின் கல்யாணத்துக்குப் போர்டு வேண்டும் என்று வந்தான். உன் கன்ட்ரோலரையே மாட்டலாம் என்றேன். நீ தயங்கினாய். ஒரு பேப்பரை எடுத்துக் கோடு போட்டுக் காட்டினாய். போர்டின் பேனலில் இருக்கிற சிப் தனக்கு வருகிற வோல்ட்டில் பத்தில் ஏழு பங்கு வந்தால்தான் சிக்னலை நிச்சயமாக 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். ஐந்து வோல்ட் கொடுத்தால் மூன்றரை வர வேண்டும். உன் கன்ட்ரோலர் மூன்று புள்ளி மூன்றுக்கு மேல் பேசாது. பத்தில் மூன்று பங்குக்குக் கீழே போனால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும், நடுவில் மாட்டிக்கொண்டால் அதன் மூடைப் பொறுத்தது. இப்போது ஓடுகிறது என்பது அதன் நல்ல மூடு, நாளைக்கு எப்படியோ தெரியாது. இதுதான் நீ சொன்னது. "நடுவுல ஒரு சிப் போடணும்மா. ஆர்டர் பண்ணியிருக்கேன். ஒரு வாரம் பொறு."

"ஓடுதுல்ல?" என்றேன்.

"ஓடுது. ஆனா..."

"ஓடுதுன்னா மாட்டு. கல்யாணம் ஒரு வாரம் பொறுக்குமா?"

இருபது வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். ஓடுகிறதா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. மூன்றரைக்கும் மூன்று புள்ளி மூன்றுக்கும் நடுவில் இருக்கிற சுண்டைக்காய் அளவு வித்தியாசத்துக்காக ஒரு பையன் தன் அம்மாவை நிறுத்திவைப்பானா என்று எனக்கு எரிச்சல். இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் கோடு போட்டு நீ விளக்கியபோது, இந்தக் கடையில் இனிமேல் நான் கேட்டுக்கொள்கிற ஆளா என்று ஒரு வலி வந்தது. நீ தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் நான்தான், நீ தங்கினால் என் நாற்காலி என்னவாகும் என்று பயந்ததும் நான்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஸ்ரீரங்கத்து மண்டப வாசலில் போர்டை மாட்டினோம். மத்தியானம் நீ போனில் பெயரைத் தட்டினாய், நல்வரவு என்று ஓடியது, வனிதாவின் பெயர் ஓடியது. மாமா உன் முதுகில் தட்டிக்கொடுத்தான். நாலரை மணிக்கு மேல் நீ குளிக்கப் போனாய். மாலை ஐந்து மணிக்கு மேற்கு வெயில் நேரே போர்டில் அடித்தது. எழுத்தே தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ராஜகோபுரம் தாண்டிவிட்டார்கள் என்று போன் வந்தது. மாமா ஓடிவந்து, "என்னக்கா, போர்டு செத்த மாதிரி மங்கலா இருக்கு, சபையில மானம் போயிடும்" என்றான். நான் பின்பக்கம் போய், பவர் சப்ளை பெட்டியின் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன மஞ்சள் ஸ்க்ரூவை முக்கால் சுற்றுத் திருகினேன். நம் தொழிலில் அதில் கை வைத்ததை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வெளிச்சம் பத்தவில்லையா, கொஞ்சம் திருகு, அவ்வளவுதான். குழம்பை இறக்கும்போது இன்னும் ஒரு சிட்டிகை உப்பைப் போடுவதை யாராவது சமையல் என்று சொல்வார்களா? போர்டு பளிச்சென்று எரிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா மட்டும் பார்த்தார்.

நாதஸ்வரம் வாசலுக்கு வரும்போது எழுத்து உடைந்தது. வனிதாவின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு, மேல்வரி ஒரு பக்கமும் கீழ்வரி ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு, கடைசியில் வெறும் சிவப்புப் புள்ளிகளாகக் கொட்டியது. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி நின்று, "பொண்ணு பேரே நிக்கலையே" என்றாள். அவ்வளவுதான், மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நீ ஈரத் தலையோடு ஓடிவந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாய். நான் சும்மா இருந்திருக்கலாம். சுவிட்சை அணைத்திருக்கலாம். அத்தனை சொந்தத்துக்கும் முன்னால் உன்னைப் பார்த்து, "நாலு வருஷம் படிச்ச லட்சணம் இதானா? எங்கம்மா வீட்டுக் கல்யாணத்துல என் மானத்தை வாங்கிட்டியேடா" என்று கத்தினேன். நீ என்னைத் திருப்பித் திட்டவில்லை. மெதுவாக, "மத்தியானம் ஓடுச்சேம்மா. ஏதாவது மாத்துனியா?" என்று கேட்டாய்.

"நான் எதையும் தொடல" என்றேன்.

அப்பாதான் போய் மெயினை அணைத்தார். நீ பந்தியில் உட்காரவில்லை. மறுநாள் முகூர்த்தத்துக்கு வந்தாய், அட்சதை போட்டாய், மாமாவிடம் மன்னிப்புக் கேட்டாய். செய்யாத தப்புக்கு. நாலாவது நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு ஹைதராபாத்துக்குக் கிளம்பினாய். "போயிட்டு வரேங்கம்மா" என்றாய். நான் பெஞ்சில் ஏதோ ஒயரை உரித்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்காமல் "ம்" என்றேன். நீ என்னை "ங்க" போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அப்பாவிடம் போடுகிற மரியாதையை எனக்கும் போட்டுவிட்டாய். பிறந்ததிலிருந்து "நீ வா, நீ போ" என்றே பேசிய பிள்ளை. அந்த "ங்க" இன்றைக்கு வரைக்கும் போகவில்லை.

இனிமேல் எழுதப் போவது எனக்குக் கஷ்டமானது. நீ ரயிலேறிய மறுநாள் காலை மண்டபத்திலிருந்து போர்டை ஆட்டோவில் கொண்டுவந்து கடையில் இறக்கினார்கள். பெஞ்சில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். அதே சிவப்புப் புள்ளிகள். மீட்டரை வைத்தேன். ஐந்து புள்ளி நாலு காட்டியது. எனக்குப் பொறி தட்டியது, இருந்தாலும் நம்ப மனசில்லை. ஸ்க்ரூவை மெதுவாகப் பின்னால் திருப்பினேன். ஐந்து புள்ளி இரண்டு. ஐந்து. நாலு புள்ளி எட்டு. வனிதாவின் பெயர் வரிசையாக வந்து நின்றது, ஒரு புள்ளி பிசகாமல். மறுபடி ஏற்றினேன், உடைந்தது. இறக்கினேன், நின்றது. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. நீ போட்ட கோடு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேனலுக்கு நான் பலத்தை ஏற்ற ஏற்ற, அது கேட்கிற ஏழு பங்கும் கூடவே ஏறிக்கொண்டே போகிறது. உன் கன்ட்ரோலர் முதலிலிருந்து அதே மூன்று புள்ளி மூன்றில்தான் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க முடியாதபடி செய்தது நான். அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீதானே திருகுன?" என்றார். நான் முறைத்தேன். அவர் டீ வாங்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. உன் அப்பாவுக்குப் பேசாமல் இருந்தே ஒருத்தியைக் கொல்லத் தெரியும்.

இரண்டு நாள் கழித்து ஒரு கூரியர் வந்தது, உன் பெயருக்கு. கையளவு கவர். உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். பிரிக்காமல் டிராயரின் அடியில் போட்டேன். அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். தப்பு என்னுடையதுடா, நான்தான் திருகினேன், திரும்பி வா என்று மூன்றே வரி. எடுத்த போனைக் கீழே வைத்தேன். பெரிய கம்பெனி, நல்ல வேலை, இந்தச் சந்தில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறான், அவன் நல்லதுக்குத்தான் நடந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் மகனிடம் "நான் தொட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதுதான் நிஜம். அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தேன், தீபாவளிக்கு வரும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். தள்ளிப்போட்ட விஷயம் நாளாக ஆக கனத்துக்கொண்டே போனது.

நீ தீபாவளிக்கு வருவாய், இரண்டு நாள் இருப்பாய். அப்பாவுக்கு வேட்டி, எனக்குப் புடவை, கண்ணுக்கு நல்ல லென்ஸ் வைத்த விளக்கு. எதிலும் குறை வைத்ததில்லை. கடைக்கு மட்டும் வர மாட்டாய். வீட்டிலிருந்து கடைக்கு நாற்பது அடி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய் வருவாய், காவிரிப் பாலத்தில் போய் நின்றுவிட்டு வருவாய், இந்த நாற்பது அடியை நடக்க மாட்டாய். ஒரு தடவை சாப்பாடு கொடுக்க வந்து ஷட்டருக்கு வெளியிலேயே நின்று தூக்கை நீட்டினாய். உள்ளே உன் பழைய ஸ்டூல் இருந்தது. அதைத் துடைத்துப் போட்டிருந்தேன், நீ வருவாய் என்று. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒவ்வொரு தீபாவளிக்கும் துடைத்துப் போடுகிறேன். நீ ஊருக்குப் போன பிறகு அதன் மேல் ரிப்பன் கேபிள் சுருளை எடுத்து வைத்துவிடுவேன், காலியாக இருப்பதைப் பார்க்கப் பிடிக்காமல். உன்னை எனக்குத் தேடுகிறது முரளி. போனில் பேசுகிற உன்னை இல்லை. கைக்குக் கீழே கையை விட்டுக் கேபிளைப் பிடுங்குகிற உன்னை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு டிராயரைத் திறந்தேன். கவரைப் பிரித்தேன். கறுப்பு ஸ்பாஞ்சில் குத்திவைத்த பத்துச் சிப், ஏழு வருஷமாகியும் கால் ஒன்றும் கறுக்கவில்லை. நீ பேப்பரில் போட்டிருந்த படத்தையும் கண்டுபிடித்தேன், அது கவரோடு சேர்ந்து எப்படி வந்தது என்று கேட்காதே. நானேதான் பத்திரப்படுத்தியிருக்கிறேன். கன்ட்ரோலருக்கும் பேனலுக்கும் நடுவில் உட்காருகிற சிப். ஐந்து வோல்ட்டில்தான் அதுவும் வாழ்கிறது, ஆனால் இரண்டு வோல்ட் வந்தாலே 'ஆம், கேட்டுவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது, அந்தப் பக்கம் முழு ஐந்தாக எடுத்துச் சொல்கிறது. லென்ஸ் விளக்கை வைத்துக்கொண்டு சாக்கெட்டைச் சால்டர் செய்தேன். முன்பு அரை மணி நேர வேலை, இப்போது இரண்டு நாள் ஆனது. சிப்பைக் குத்தினேன், ஸ்க்ரூவை அன்றைக்குத் திருகிய அளவுக்கே திருகினேன், ஐந்து புள்ளி நாலு. நாலு நாளாகக் கடையில் ஓடியது. மத்தியான வெயிலில் வாசலில் வைத்துப் பார்த்தேன். முரளி, சுகன்யா, நல்வரவு. ஒரு புள்ளி அசையவில்லை. அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சினிமா பார்ப்பது போலப் பார்த்தார். "எழுதிப் போட்டுடு" என்றார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அவர் சொன்னது அவ்வளவுதான்.

உன் மாமாவுக்கும் போன் செய்தேன், உனக்கு எழுதுவதற்கு முன்னால் அதைச் செய்ய வேண்டும் என்று. "வனிதா கல்யாணத்துல போர்டு கெட்டது என்னாலதான்டா, நான்தான் ஸ்க்ரூவைத் திருகுனேன், புள்ள மேல பழியைப் போட்டுட்டேன்" என்றேன். மாமாவுக்குப் பிடிபடவில்லை. "எந்தப் போர்டுக்கா?" என்றான். சத்தியமாக, அவனுக்கு ஞாபகமே இல்லை. வனிதாவுக்கு இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன, அந்த அத்தைதான் அவளுக்குப் பிரசவம் பார்க்க வந்து மூன்று மாதம் இருந்தாளாம். ஊரே மறந்துபோன ஒரு போர்டு உன்னிடமும் என்னிடமும் மட்டும் இத்தனை வருஷம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ரொம்ப நேரம் அழுகையும் வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அதற்கு யோக்கியதை கிடையாது, அதனால் நிறையச் சொல்ல மாட்டேன். சமையலைக் கற்றுக்கொள், அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, இதெல்லாம் உனக்கே தெரியும். ஒன்றை மட்டும் கேள். என்றைக்காவது ஏதாவது கெட்டுப்போய், சுகன்யா உன்னைப் பார்த்து "நீங்க ஏதாவது மாத்துனீங்களா?" என்று கேட்டால், உடனே இல்லை என்று சொல்லிவிடாதே. ஒரு நிமிஷம் நின்று யோசி. நாம் கணக்கிலேயே சேர்க்காத ஒரு ஸ்க்ரூவை எங்காவது திருகியிருப்போம். திருகியது தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அன்றைக்குச் சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்கு ஒரு சலான் புத்தகம் தீர்ந்துவிட்டது.

போர்டு விஷயத்தில் உன் இஷ்டம்தான். வேண்டாம் என்றால் வேண்டாம், கோலமும் வாழை மரமும் போதும், நான் முகம் கோண மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு நாள் முன்னால் வந்துவிடு. அந்த நாற்பது அடியை நட. நாலு நாள் ஓடிய பிறகு சிப்பை நானே கழற்றித் திரும்ப ஸ்பாஞ்சில் குத்தி வைத்துவிட்டேன், சாக்கெட் காலியாக இருக்கிறது. அது நீ வரவழைத்த சிப், நீ குத்த வேண்டியது. ஸ்டூலின் மேலிருந்த கேபிளை எடுத்துவிட்டேன். நான் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன், வேறெங்கே போகப் போகிறேன். நீ உள்ளே வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, "ங்க" எதுவும் போடாமல் "நகரும்மா" என்று ஒரு தடவை சொல். இந்தத் தடவை நகர்ந்துவிடுகிறேன்.

அம்மா